'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும் பார்ட்டிஷனிலிருந்து ஃபைல்களை எடுப்பது

கேள்வி: என்னிடம் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பார்ட்டிஷன்கள், இரண்டும் என்டிஎஃப்எஸ். படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது கேபிள் கழன்றுவிட்டது. மறுபடி செருகினால் முதல் பார்ட்டிஷன் திறக்கிறது. இரண்டாவதைத் தொட்டால், ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிறது விண்டோஸ். ப்ராப்பர்ட்டீஸில் 'ரா' என்றும் 0 பைட் என்றும் காட்டுகிறது. ஒரு நண்பர் செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார். இன்னொருவர், ஃபார்மேட் செய்துவிட்டு அப்புறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் போடு என்கிறார். பல வருடப் புகைப்படங்களும் எக்செல் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன. சில சமயம் டிஸ்க்கைச் செருகினால் திறக்கவே ரொம்ப நேரம் ஆகிறது. எந்த சாஃப்ட்வேர் நல்லது? எல்லாம் கிடைத்த பிறகு இதே டிஸ்க்கைப் பயன்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நண்பர்கள் இருவர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றிவிடுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யும்வரை திரும்பச் செருக வேண்டாம். எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டிருக்கிறீர்கள். அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. டிஸ்க் உடல்நிலை எப்படி என்பது முதல் கேள்வி. அதை முழுதாக வேறொரு இடத்துக்கு நகலெடுக்க முடியுமா என்பது இரண்டாவது. பலருக்கு ஃபைல்கள் நிரந்தரமாகப் போவது இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான்.

முதல் பார்ட்டிஷன் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தடயம். எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு இரண்டாவது பார்ட்டிஷனுக்கு உள்ளே. என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறை, அதாவது ஒரு ஃபைல் சிஸ்டம். செக்டார் என்பது டிஸ்க் படிக்கும், எழுதும் மிகச் சிறிய துண்டு. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் முதல் செக்டார்தான் பூட் செக்டார். இது என்டிஎஃப்எஸ் என்ற அடையாளம், கிளஸ்டர் (ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் செக்டார் தொகுதி) எவ்வளவு பெரியது, எம்எஃப்டி எந்தக் கிளஸ்டரில் தொடங்குகிறது, இவையெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். எம்எஃப்டி என்பது அந்தப் பார்ட்டிஷனில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு வைத்திருக்கும் அட்டவணை. பூட் செக்டாரைப் படிக்க முடியாவிட்டாலோ, படித்தது குப்பையாக இருந்தாலோ, விண்டோஸ் அந்தப் பார்ட்டிஷனுக்கு 'ரா' என்று பெயர் வைத்து ஃபார்மேட் செய்யக் கேட்கும். எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டால் நிலம் போய்விடாது. உங்கள் படங்கள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கவலை தருவது, திறக்க ரொம்ப நேரம் ஆகிறது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான். சில செக்டார்களைப் படிக்க டிஸ்க் திணறுகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். டிஸ்க் நலமாக இருந்து ஃபைல் சிஸ்டம் மட்டும் கெட்டிருந்தால் பொறுமையாகச் சரிசெய்யலாம், நேரம் போனாலும் நஷ்டமில்லை. தட்டோ (டேட்டா பதியும் வட்டு) ஹெட்டோ (அதைப் படிக்கும் முனை) பழுதாகிக்கொண்டிருந்தால் மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இரண்டு யோசனைகளும் ஏன் ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில் இல்லை. கணக்கில் வராத பதிவை அழிக்கும், பொருந்தாத ஃபோல்டர் இணைப்பை வெட்டும், அனாதையாக நிற்கும் துண்டுகளை 'ஃபவுண்ட் டாட் 000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாத ஃபைல்களாகக் கொட்டும். செய்வதையெல்லாம் மூல டிஸ்க்கின்மேலேயே எழுதும். பின்வாங்க வழி இல்லை. 'ரா' என்று தெரியும் பார்ட்டிஷனில் ஓட்டினால் பெரும்பாலும் முடியாது என்று மறுத்துவிடும். அது உங்கள் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட் யோசனை அதைவிட மோசம். குவிக் ஃபார்மேட் ஃபைல்களின் உள்ளடக்கத்தைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் புதிய எம்எஃப்டி ஒன்றை எழுதும். 4 கேபி கிளஸ்டரில் விண்டோஸ் வழக்கமாக எம்எஃப்டியைத் தொடங்கும் இடம் 786432ஆம் கிளஸ்டர், அதாவது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி. பழைய எம்எஃப்டியும் அநேகமாக அங்கேதான் தொடங்கியிருக்கும். ஆக, புதியது பழையதன் தலையிலேயே விழும். எம்எஃப்டியின் மீதித் துண்டுகள் டிஸ்க்கில் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரம் அதன் முதல் பதிவில்தான் இருக்கிறது. முதல் நான்கு பதிவுகளுக்கு என்டிஎஃப்எஸ் தனியாக ஒரு பிரதி வைத்திருக்கும். ஃபார்மேட் அதன்மேலும் எழுதிவிடும். 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால் கதை அதோடு முடிந்தது. விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் எல்லாமே முழு ஃபார்மேட்டில் பார்ட்டிஷன் முழுக்கப் பூஜ்யம் எழுதுகின்றன. அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும், எந்த லேபாலும் ஒன்றும் எடுக்க முடியாது.

இனி டிஸ்க்கின் உடல்நிலை. செருகும் முன் யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். ஹப் வழியாக வேண்டாம், கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகுங்கள். முதலில் காது கொடுங்கள். டக், டக் என்று சீராகத் தட்டும் ஓசை, சுழன்று நின்று மறுபடி சுழல்வது, கீச்சென்ற சத்தம், இவற்றில் எது இருந்தாலும் அங்கேயே கழற்றிவிடுங்கள். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அது பழுதாகியிருந்தால் தட்டைச் சுரண்டிவிடும், சுரண்டிய இடத்தில் இருந்த டேட்டா திரும்ப வராது. அப்படிப்பட்ட டிஸ்க் கிளீன் ரூம் (தூசி இல்லாத அறை) உள்ள லேபுக்குத்தான் போகவேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்லும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் குளிர்ந்த தட்டில் ஈரம் படியும். அதைச் செய்யாதீர்கள்.

சத்தம் ஒன்றும் இல்லையென்றால் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். சில எக்ஸ்டர்னல் பெட்டிகள் ஸ்மார்ட் தகவலை யுஎஸ்பி வழியாக அனுப்பாது. அப்போது லினக்ஸின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சாதன வகையை 'சாட்' என்று கொடுத்துப் பாருங்கள். மொத்த அறிக்கையில் மூன்று வரிகள்தான் முக்கியம். 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது டிஸ்க் தானே சோதித்துக் கைவிட்டவை. வலது ஓரத்தில் இருக்கும் 'ரா' மதிப்பைத்தான் படிக்கவேண்டும் (பார்ட்டிஷனுக்குச் சொன்ன 'ரா' வேறு, இது உள்ளபடியான எண்ணிக்கை). கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைப் பதினாறடிமான எண்ணில் காட்டும், 10 என்று இருந்தால் 16 என்று பொருள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஒன்றிரண்டு செக்டார் அரைகுறையாக எழுதப்பட்டு சி5இல் ஏறுவதுண்டு. தட்டு நன்றாக இருந்தாலும் அப்படி ஆகும். நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, இப்போது ஒரு எண்ணும் பத்து நிமிடம் கழித்து வேறு எண்ணும் வந்தாலோ, அது தட்டு அல்லது ஹெட்டின் கோளாறு.

சி7 என்ற வரியைப் பார்த்து கேபிள் கோளாறு என்று சொல்வார்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அது பெட்டிக்கு உள்ளே, டிஸ்க்குக்கும் யுஎஸ்பி போர்டுக்கும் நடுவில் உள்ள சாட்டா இணைப்பில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. உங்கள் யுஎஸ்பி கேபிள் எவ்வளவு கெட்டிருந்தாலும் அங்கே பதியாது. அதனால் அந்த வரி பூஜ்யமாக இருக்கிறதே என்று பழைய கேபிளையே நம்பாதீர்கள்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை நேரடியாக சாட்டாவில் மாட்டலாமா என்ற யோசனை வரும். வேண்டாம். சில பெட்டிகளின் யுஎஸ்பி போர்டு டேட்டாவை என்கிரிப்ட் செய்து எழுதும். நீங்கள் பாஸ்வேர்ட் வைக்காவிட்டாலும் அப்படித்தான். போர்டு இல்லாமல் படித்தால் குப்பைதான் வரும். வேறு சில போர்டுகள் 512 பைட் செக்டார்களை 4096 பைட் செக்டார்களாகக் காட்டும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் 1 எம்பி தள்ளித் தொடங்கும் பார்ட்டிஷனின் முகவரி 256 என்று பதிவாகியிருக்கும். நேரடியாக மாட்டினால் அதே இடத்தின் முகவரி 2048. கணக்கு பொருந்தாமல், நன்றாக இருக்கும் பார்ட்டிஷன்கூட 'ரா' என்று நிற்கும். பிரித்ததால்தான் கெட்டது என்று நினைத்து, இல்லாத கோளாறைச் சரிசெய்யக் கிளம்புவீர்கள்.

அடுத்தது நகல். ஃபைல்களை இழுத்துப்போடும் நகல் அல்ல, டிஸ்க்கின் எல்லா செக்டார்களையும் வரிசையாக ஒரே பெரிய இமேஜ் ஃபைலாக எடுப்பது. இதற்கு குனு டிடிரெஸ்க்யூவை மிஞ்சிய இலவசக் கருவி இல்லை என்பது என் கருத்து. உபுண்டுவிலும் டெபியனிலும் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, ஓட்டும் கட்டளை டிடிரெஸ்க்யூ. நடுவில் அடிக்கோடு போட்ட 'டிடி_ரெஸ்க்யூ' என்று இன்னொன்று உண்டு. அது வேறு நிரல், தெரிவுகளும் வேறு.

இமேஜை வைக்க 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1 டிபி டிஸ்க்கின் இமேஜ் இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் ஃபைலாக அடங்காது, ஏனென்றால் அங்கே ஃபைல் சிஸ்டமும் கொஞ்சம் இடம் எடுக்கும். பின்னால் மீட்ட ஃபைல்களை வைக்கவும் இடம் வேண்டும். அதை என்டிஎஃப்எஸ் அல்லது லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 உதவாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது.

கம்ப்யூட்டரை லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில்) பூட் செய்யுங்கள். பழுதான டிஸ்க்கைச் செருகும் முன், டெஸ்க்டாப் அமைப்பில் தானாக மவுன்ட் செய்வதை, அதாவது பார்ட்டிஷனைத் தானே திறப்பதை நிறுத்திவிடுங்கள். மவுன்ட் ஆனாலே ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பேட்டை) திரும்ப ஓட்டுவது போன்ற எழுத்து வேலைகள் நடக்கக்கூடும். செருகியதும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் எது எந்த டிஸ்க் என்று அளவையும் மாடலையும் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழுதானதற்கு லினக்ஸ் வைத்த பெயர் எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓட்டத்துக்கான கட்டளையின் வரிசை இது; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும்:

டிடிரெஸ்க்யூ, இடைவெளி, ஹைஃபன் என், இடைவெளி, மூல டிஸ்க்கின் பெயர், இடைவெளி, இமேஜ் ஃபைலின் பெயர், இடைவெளி, மேப் ஃபைலின் பெயர்.

மூலம் முதலில், இலக்கு அடுத்து. இந்த இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின்மேல் நகலாகிவிடும். இலக்காக நேரடி டிஸ்க்கைத் தராமல் இமேஜ் ஃபைலைத் தரச் சொல்வது அதற்காகத்தான். 'ஃபோர்ஸ்' தெரிவு இல்லாமல் டிடிரெஸ்க்யூ எந்த டிஸ்க்கின்மேலும் நேரடியாக எழுதாது. ஃபோர்ஸ் கொடுக்கச் சொல்லி அது நின்றால், கொடுக்காதீர்கள். எங்கோ பெயர் மாறியிருக்கிறது.

'என்' தெரிவு, முரண்டுபிடிக்கும் இடங்களில் செக்டார் செக்டாராகச் சுரண்டும் கட்டத்தை விட்டுவிடச் சொல்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிடும். டிஸ்க் நடுவழியில் செத்துப்போனாலும் பெரும்பகுதி கையில் இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. சாதாரண நகல் இதற்கு நேர்மாறு. முதல் கெட்ட செக்டாரிலேயே திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு, நன்றாக இருந்த ஹெட்டையும் களைத்துவிடும்.

மேப் ஃபைல் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், ஆனால் இமேஜுக்குச் சமமாக அதைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பகுதி கிடைத்தது, எது விடப்பட்டது என்று அதில் குறியீடுகள் இருக்கும். கூட்டல் குறி என்றால் கிடைத்தது, கழித்தல் என்றால் படிக்கவே முடியாத செக்டார், கேள்விக்குறி என்றால் இன்னும் தொடாதது. ஓட்டம் எங்கே நின்றாலும் அதே கட்டளையை அதே மேப் ஃபைலோடு கொடுத்தால் விட்ட இடத்தில் தொடரும். மேப் ஃபைலின் பெயரைக் கொடுக்க மறந்தால் எல்லாம் முதலிலிருந்து.

டிஸ்க் நலமாக இருந்து விநாடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடியும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் என்றால் எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். கெட்ட இடங்கள் நிறைய இருந்தால் நாள்கணக்கில் போகும். டிஸ்க் சூடாகாமல் ஒரு ஃபேன் வையுங்கள். நடுவில் டிஸ்க் மறைந்து வேறு பெயரில் திரும்ப வருவதுண்டு, எஸ்டிபியாக இருந்தது எஸ்டிசி ஆகிவிடும். பழைய பெயரையே கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். டெவ் ஃபோல்டருக்குள் 'டிஸ்க்' ஃபோல்டரில் 'பை-ஐடி' என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதில் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும், அது மாறாது. தொடக்கத்திலிருந்தே அதைப் பயன்படுத்துவது நல்லது.

சி5 எண் பயமுறுத்தினால் வேறு உத்தி. முதல் பார்ட்டிஷன் திறக்கிறதே என்று அதை மேய்ந்து டிஸ்க்கின் ஆயுளைச் செலவழிக்காதீர்கள். டிடிரெஸ்க்யூவில் தொடக்க இடத்தையும் அளவையும் கொடுத்து, அதே இமேஜிலும் அதே மேப் ஃபைலிலும் இரண்டாவது பார்ட்டிஷனை மட்டும் முதலில் எடுங்கள். அது முடிந்த பிறகு எல்லையை நீக்கிவிட்டு மீதியை எடுக்கலாம்.

முதல் ஓட்டம் முடிந்ததும் இரண்டாவது. இப்போது 'என்' வேண்டாம். 'டி' தெரிவும் 'ஆர்3' தெரிவும் கொடுங்கள். முதலாவது கர்னலின் கேஷை (லினக்ஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலை) ஒதுக்கி டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும், இரண்டாவது கெட்ட செக்டார்களை மூன்று முறை மறுபடி முயலும். இங்கே சிற்றெழுத்து, பேரெழுத்து முக்கியம். பேரெழுத்து 'ஆர்' கொடுத்தால் பின்பக்கமிருந்து முன்னால் படிக்கும். ஒரு திசையில் சிக்கிக்கொண்டால் அதுவும் உதவும். 99.9 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டு, மீதி கேபி கணக்கில் ஊர்ந்தால், அதற்காக இரண்டு நாள் டிஸ்க்கை வதைப்பதில் அர்த்தமில்லை. ஓட்டத்தின் நடுவே தட்டும் ஓசை தொடங்கினாலோ, டிஸ்க் அடிக்கடி காணாமல் போனாலோ நிறுத்திவிட்டு, மேப் ஃபைலையும் சேர்த்து லேபிடம் கொடுங்கள். இதுவரை என்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நகல் முடிந்ததும் பழுதான டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். ஆனால் ஃபைல்களைப் பிரித்தெடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை. கிடைக்காத செக்டார்கள் இமேஜில் பூஜ்யமாக நிற்கும். எந்த ஃபைலில் அந்த ஓட்டை விழுந்தது என்று பார்த்தவுடன் தெரியாது. டிடிரெஸ்க்யூவின் ஃபில் முறையில், மேப் ஃபைலில் கழித்தல் குறி போட்ட இடங்களில் மட்டும் நீங்கள் தேர்ந்த ஒரு சொற்றொடரை இமேஜில் எழுதச் சொல்லலாம். வேறெங்கும் தற்செயலாக வரமுடியாத சொற்றொடராக இருக்கட்டும். பிறகு மீட்டெடுத்த எல்லா ஃபைல்களிலும் அந்தச் சொற்றொடரை கிரெப் கட்டளையால் தேடினால், ஓட்டை விழுந்த ஃபைல்களின் பட்டியல் கைக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கான படங்களைத் திறந்து பார்ப்பதற்குப் பதில் அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கலாம். மேப் ஃபைலுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

இப்போதுதான் உங்கள் கேள்வி, எந்த சாஃப்ட்வேர். முதலில் டெஸ்ட்டிஸ்க், இலவசம். அதை இமேஜ் ஃபைலின் பெயரோடு தொடங்குங்கள். இமேஜுக்கு இன்னொரு நகல் வைக்க இடமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் இமேஜில் எழுதப்போகிறோம். பார்ட்டிஷன் டேபிள் வகை கேட்கும். அதுவே ஊகித்துக் காட்டுவது பெரும்பாலும் சரியாக இருக்கும். எல்லாரும் போகும் 'அனலைஸ்' பக்கம் போகவேண்டாம், அது டேபிளே தொலைந்தவர்களுக்கு. நீங்கள் 'அட்வான்ஸ்ட்' போய், இரண்டாவது பார்ட்டிஷனைத் தேர்ந்து, 'பூட்' கொடுங்கள்.

அங்கே பூட் செக்டாரின் நிலையும், அதன் பிரதியின் நிலையும் தனித்தனியாகத் தெரியும். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாரின் பிரதி ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். முதலாவது கெட்டிருக்கிறது, பிரதி சரி என்று காட்டினால் உங்களுக்கு நல்ல காலம். 'பேக்கப் பிஎஸ்' கொடுத்தால் பிரதியை முன்னால் எழுதிவிடும். பிறகு 'லிஸ்ட்' கொடுத்தால் ஃபோல்டர்கள் பெயரோடு வரவேண்டும். இரண்டுமே கெட்டிருந்தால் 'ரீபில்ட் பிஎஸ்', அது எம்எஃப்டியைத் தேடிப்பிடித்து பூட் செக்டாரைப் புதிதாகக் கணக்கிடும். எழுதும் முன் அங்கேயும் 'லிஸ்ட்' பார்க்கலாம். பெயர்கள் ஒழுங்காகத் தெரியாமல் எழுத அனுமதிக்காதீர்கள். பட்டியல் வந்ததும் இமேஜைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து நகலெடுக்கலாம், அல்லது டெஸ்ட்டிஸ்க்கிலேயே 'சி' விசையால் ஃபோல்டரை வெளியே எடுக்கலாம்.

பட்டியல் அரைகுறையாக வந்தால் எம்எஃப்டியே அடிபட்டிருக்கிறது. அப்போது டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ போன்றவை. ஒவ்வொரு எம்எஃப்டி பதிவும் வழக்கமாக 1024 பைட், 'ஃபைல்' என்ற நான்கு ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஃபைலின் பெயர், அது எந்த ஃபோல்டரின் கீழ், டேட்டா எந்தக் கிளஸ்டர்களில் என்று எல்லாம் அந்தப் பதிவிலேயே இருக்கும். இந்த சாஃப்ட்வேர்கள் இமேஜ் முழுக்க அந்த நான்கு எழுத்தைத் தேடி, பிடித்த பதிவுகளை வைத்து ஃபோல்டர் மரத்தைத் திரும்பக் கட்டுகின்றன. டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பில் ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4000 ஃபைல் வரை எடுக்கலாம், புகைப்பட ஃபோல்டர்களுக்கு அது பெரும்பாலும் போதும். காசு கொடுக்கும் முன் எந்த சாஃப்ட்வேரிலும் ஃபைல் பெயர் தெரிகிறதே என்று மயங்காதீர்கள். பெயர் எம்எஃப்டியிலிருந்து வருகிறது, படம் வேறிடத்திலிருந்து. பிரிவியூவில் பத்துப் படமாவது திறக்கவேண்டும்.

ஃபோட்டோரெக் கடைசிக் கதவு. அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்கவே பார்க்காது. ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்களில் தொடங்கும் என்பதுபோல, ஃபைல் வகையின் கையெழுத்தைத் தேடி எடுக்கும். அதனால் பெயர் கிடையாது, ஃபோல்டர் கிடையாது. எல்லாம் வரிசை எண் போட்ட 'ரெகப்' ஃபோல்டர்களில் 500, 500ஆக வந்து குவியும். டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்த ஃபைல் உடைந்துதான் வரும், பெரிய வீடியோக்களுக்கு இந்தக் கதி அதிகம். 'ஃபைல் ஆப்ட்' போய் உங்களுக்கு வேண்டிய வகைகளை மட்டும் விடுங்கள். புதிய வடிவ எக்செல் ஃபைல் 'ஜிப்' என்பதன் கீழ் வரும், அதை எடுத்துவிடாதீர்கள். ஃபைல் சிஸ்டம் வகைக்கு 'அதர்', தேடும் இடத்துக்கு 'ஹோல்'. வந்து குவிந்தவற்றில் குட்டித் தம்ப்நெயில்கள் நிறைய இருக்கும். அளவுப்படி வரிசைப்படுத்தி அவற்றைக் கழித்துவிட்டு, மீதியை எக்சிஃப் தேதிப்படி (படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் தேதிப்படி) பிரியுங்கள்.

எந்தக் கருவியும் ஒன்றும் காட்டாமல், பார்ட்டிஷனின் தொடக்கத்தில் 'எஃப்விஇ-எஃப்எஸ்' என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால், அது விண்டோஸின் என்கிரிப்ஷனான பிட்லாக்கர் போட்ட பார்ட்டிஷன். 48 இலக்க ரெக்கவரி கீ இருந்தால் விண்டோஸின் ரிப்பேர்-பிடிஇ கட்டளையால் திறக்கலாம். கீயோ பாஸ்வேர்டோ இல்லாவிட்டால் வழியில்லை.

வேறு வகையில் அடிபட்டவர்களுக்குச் சில வரிகள். டிஸ்க்கே 'அன்அலோகேட்டட்' என்று தெரிந்து, 'இனிஷியலைஸ்' செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் டேபிள் உள்ள டிஸ்க்கில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரமும் முதல் செக்டாரில் வெறும் 64 பைட்டில் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க்கின் 'குவிக் சர்ச்' பூட் செக்டார்களைத் தேடி அதைத் திரும்பக் கணக்கிடும். ஜிபிடி என்ற புதிய வகை என்றால் டேபிளின் பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும், ஜிடிஸ்க் என்ற கருவியின் ரெக்கவரி மெனுவிலிருந்து எடுக்கலாம். ஃபேட்32 பூட் செக்டாரின் பிரதி வழக்கமாக 6ஆம் செக்டாரில், எக்ஸ்ஃபேட்டுக்கு 12இல். ஈஎக்ஸ்டி4இன் சூப்பர்பிளாக் (அந்த ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் உள்ள இடம்) கெட்டிருந்தால், 4 கேபி பிளாக் உள்ள பார்ட்டிஷனில் 32768ஆம் பிளாக்கில் முதல் பிரதி கிடைக்கும். எஸ்எஸ்டி மட்டும் தனி ஜாதி. அதில் அழித்தாலோ குவிக் ஃபார்மேட் செய்தாலோ ட்ரிம் கட்டளை (இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) போய், அந்த இடங்களைப் பிறகு படித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும்.

ஃபைல்கள் வந்த பிறகு எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். எக்செல், வேர்ட் ஃபைல்களின் புதிய வடிவங்கள் உள்ளுக்குள் ஜிப் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் சிஆர்சி சரிபார்ப்பு எண் இருக்கிறது. 7-ஜிப்பில் எல்லாவற்றையும் தேர்ந்து 'டெஸ்ட்' கொடுத்தால் கெட்டவற்றை மட்டும் அது சொல்லிவிடும். பாஸ்வேர்ட் போட்ட ஃபைல்கள் இந்தச் சோதனையில் சேராது, அவற்றைத் திறந்துதான் பார்க்கவேண்டும். படங்களைப் பெரிய தம்ப்நெயிலில் ஓட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக நிற்பவை உடைந்தவை. எக்சிஃப்புக்குள் இருக்கும் குட்டிப் படம் நன்றாக இருந்து பெரிய படம் கெட்டிருப்பதும் உண்டு. சந்தேகம் வந்தால் முழு அளவில் திறந்து பாருங்கள்.

இதே டிஸ்க்கைப் பயன்படுத்தலாமா என்று கேட்டீர்கள். மீட்ட ஃபைல்கள் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் சேர்ந்து, சோதித்தும் முடியும்வரை பழைய டிஸ்க்கையும் இமேஜையும் தொடாதீர்கள். அதன் பிறகு பழைய டிஸ்க்கை முழு ஃபார்மேட் செய்து ஸ்மார்ட்டைத் திரும்பப் பாருங்கள். எழுதும்போது ஒவ்வொரு சி5 செக்டாருக்கும் தீர்ப்பு வந்துவிடும். ஒன்று அது சரியாகும், அல்லது 05இல் ஏறும். சி5 பூஜ்யமாகி 05 அசையாமல் இருந்தால் கோளாறு கேபிள் கழன்றதோடு போயிற்று, இரண்டாவது நகல் வைக்கும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். 05 ஏறியிருந்தாலோ, சி5 மறுபடி தலைகாட்டினாலோ அந்த டிஸ்க்கில் இனி எதையும் வைக்காதீர்கள்.